அடிபட்ட நாய் எதைக் கற்றது?

நாய்க்குட்டி வாங்கும் இடத்தில் குட்டியோடு ஓர் அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கும். “இப்பவே யார் முதலாளின்னு காட்டிடுங்க சார், விட்டா தலைமேல ஏறிடும்.” அப்புறம் அதன் கிளைகள் ஒவ்வொன்றாக வரும். நீங்கள் சாப்பிட்ட பிறகே அதற்குச் சோறு வைக்க வேண்டும். வாசலை நீங்கள்தான் முதலில் தாண்ட வேண்டும். கையைக் கடித்தால் வாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முறைத்தால் மல்லாக்கத் தள்ளி அமுக்க வேண்டும். வீட்டுக்குள் மூத்திரம் பெய்தால் மூக்கை அதிலேயே தேய்க்க வேண்டும். செய்தித்தாளைச் சுருட்டி ஒரு தட்டு தட்டுங்கள், வலிக்காது, பயம் மட்டும் இருக்கும் என்பதுதான் இவற்றில் மிகவும் சாந்தமானது. இதையெல்லாம் சொல்பவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் நாய் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். நாய் ஓநாயின் வம்சம், கூட்டத் தலைவனுக்கு மட்டும்தான் அடங்கும் என்று நம்புகிறார்கள். அதற்குப் பக்கத்துணையாக, அடியாத மாடு படியாது என்ற நம் ஊர்ப் பழமொழியும் கையில் இருக்கிறது. இரண்டும் தவறு என்பதோடு, நாம் தவிர்க்க நினைக்கும் கடியையே இவை வரவழைக்கின்றன என்பது என் வாதம்.

தலைவன் கதையை முதலில் பார்ப்போம். அது காட்டில் பிறந்த கதையே அல்ல. சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒத்துப்போகாத இளம் ஓநாய் காட்டில் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். அடைப்பில் அதற்கு வழியில்லை, ஆகவே சண்டையும் மேல்படி கீழ்படியும் அங்கே கண்ணை உறுத்தின. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய ‘தி உல்ஃப்’ என்ற நூல் ‘ஆல்ஃபா’ என்ற பட்டத்தை உலகமெல்லாம் கொண்டு சேர்த்தது. பின்னாளில் அதே மெக், கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 தொடங்கிப் பல கோடைகாலங்கள் காட்டு ஓநாய்களுக்கு அருகிலேயே தங்கிக் கவனித்தார். 1999-இல் அவர் வெளியிட்ட கட்டுரை சொன்னது இதுதான்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்கள் பெற்ற குட்டிகள். தலைவன் என்று நாம் பட்டம் கட்டியது அப்பாவுக்கு. அவர் யாரையும் அடித்து அந்த இடத்துக்கு வரவில்லை. பிள்ளை பெற்றதால் வந்தார். பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று மெக் பதிப்பகத்தைப் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். 2022-இல்தான் அது நின்றது. எழுதியவரே கைகழுவிய கருத்து இத்தனை காலம் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அந்தக் கருத்து வீட்டு நாய்க்கு இடம் மாறிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-இல் எழுதிய பயிற்சி நூல்தான், அடங்காத நாயை மல்லாக்கத் தள்ளிப் பிடிக்கும் வித்தையைப் பரப்பியது. 2002-இல் வந்த அதன் திருத்திய பதிப்பில் அந்த யோசனையை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் 2004-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் தொலைக்காட்சியில் நாய்ப் பயிற்சியாளர் சீசர் மில்லனின் நிகழ்ச்சி தொடங்கியது. துறவிகள் விட்டதைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. இன்று செல்போனில் ஓடும் முப்பது வினாடிக் காணொளிகள் அதன் பேரப்பிள்ளைகள்.

நாய்களுக்குள் மேல்கீழ் உறவு கிடையவே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. தெருநாய்க் கூட்டத்தில் ஒரு எலும்பை எது விட்டுக்கொடுக்கிறது, எது எடுத்துக்கொண்டு போகிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரியத்தான் செய்யும். நாய்க்கும் நாய்க்கும் இடையில், ஒரு குறிப்பிட்ட பொருளுக்காக நடப்பது அது. பெல்ட்டை இழுத்துக்கொண்டு ஓடுவதும், வந்தவர் மேல் தாவுவதும், சோபாவில் ஏறிப் படுப்பதும் உங்கள் பதவியைப் பறிக்கும் சூழ்ச்சி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நாய் இழுப்பது உங்களைவிட அது வேகமாக நடப்பதால். தாவுவது முகத்தை நெருங்குவதற்காக. சோபா மெத்தென்று இருக்கிறது. நம் தெருநாய்களே இதற்கு நல்ல சாட்சி. கொல்கத்தாவின் ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத மனிதர்கள் தெருநாய்களில் சிலவற்றுக்குத் தீனி மட்டும் கொடுத்தார்கள். சிலவற்றைத் தலையில் தடவிக் கொடுத்தார்கள். நாளாக ஆக, தடவிக் கொடுத்தவரிடமே நாய்கள் அதிகம் நெருங்கி வந்தன. தினமும் கல்லெறி வாங்கும் அந்தப் பிராணிகளை வசப்படுத்த யாரும் முதலாளித்தனம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இனி அடி. அடி பலிக்கிறது என்று நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. நாய் குரைக்கிறது, அதட்டி ஒன்று வைக்கிறோம், குரைப்பு நிற்கிறது. கண்ணெதிரே நின்றுவிட்டது! அந்த நொடியில் கிடைக்கும் நிம்மதி அடுத்த முறையும் கையை ஓங்கச் சொல்கிறது. அங்கே பயிற்சி பெறுவது மனிதன். நாய் மறுநாளும் அதே நேரத்துக்குக் குரைக்கும், ஏனென்றால் கேட் பக்கம் வரும் பேப்பர்காரரைப் பற்றிய அதன் பதற்றம் ஒரு துளியும் குறையவில்லை. பேப்பர்காரர் வந்தால் அடியும் விழும் என்ற புதுச் செய்தி மட்டும் சேர்ந்திருக்கிறது. தெருவில் நடக்கும்போதும் இதேதான். எதிரே ஒரு பையன் சைக்கிளில் வருகிறான். நாய் அவனைப் பார்த்து ஒரு எட்டு வைக்கிறது, சோக் செயினைச் சுண்டி இழுக்கிறோம், கழுத்து நெரிபடுகிறது. “இழுக்காதே” என்ற பாடத்தை நாம் நடத்தியதாக நினைக்கிறோம். அதன் கணக்கில் சேர்ந்தது வேறு: சைக்கிள் பையன் வந்தான், கழுத்து வலித்தது. இருபது முறை இது நடந்தால், தொலைவில் சைக்கிளைக் கண்டதுமே அது சீறத் தொடங்கும். “நாளுக்கு நாள் முரடாகுதே” என்று அதைவிட முரட்டுச் சங்கிலி தேடிக் கடைக்குப் போவோம்.

“தப்பு செஞ்சது அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே” என்பது அடுத்த சாட்சியம். காது மடக்கி, வாலை ஒடுக்கி, கண்ணை வேறு பக்கம் திருப்பும் அந்த முகத்தை நாய் வளர்க்கும் எல்லாருக்கும் தெரியும். ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். நாய் 14. தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்லப்படும். சில முறை அது பொய்யாக இருக்கும். முடிவு: குற்றம் செய்த நாய், செய்யாத நாய் என்ற வேறுபாடு அந்த முகத்தில் இல்லை. திட்டு வாங்கிய நாயிடம் அது இருந்தது, தின்னாமல் திட்டு வாங்கிய நாயிடம் இன்னும் கூடுதலாக இருந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது நம் குரலைக் கண்ட பயத்தை. மாலையில் வீடு திரும்பி, காலையில் பெய்த மூத்திரத்துக்கு மூக்கைத் தேய்ப்பவர் எந்தப் பாடத்தையும் நடத்தவில்லை. செயலுக்கும் விளைவுக்கும் இடையில் ஓரிரு வினாடி போனாலே நாய் இரண்டையும் முடிச்சுப் போடுவது கடினம். எட்டு மணி நேரம் என்பது அதற்கு வேறொரு யுகம். மிஞ்சிப்போனால் நீங்கள் இருக்கும்போது பெய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பெய்யும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போய், அங்கே பெய்து முடித்த அந்தக் கணத்திலேயே வாயில் ஒரு துண்டு வைப்பது அலுப்பான வேலைதான். ஆனால் அது வேலை செய்கிறது.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது உறுமலுக்கு விழும் அடி. உறுமல் நாயின் எச்சரிக்கை. அதற்கு முன்பே அது வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கும்: தலையைத் திருப்பியிருக்கும், உதட்டை நக்கியிருக்கும், உடம்பு விறைத்து அசையாமல் நின்றிருக்கும், கண்ணின் வெள்ளை தெரிந்திருக்கும். நாம் கவனிக்கவில்லை. கடைசியில் வாய்விட்டுச் சொல்கிறது, “எங்கிட்டயே உறுமுறியா” என்று அறைகிறோம். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு உறுமல் நின்றுவிடும், வீடே மெச்சிக்கொள்ளும். கிண்ணத்தருகே தவழ்ந்து வரும் குழந்தையைக் கண்டால் அதற்கு உண்டாகும் அச்சம் அப்படியே இருக்கிறது; அதை வெளியே தெரிவிக்கும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. “இத்தனை நாள் சாதுவாத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு” என்று பிறகு சொல்லப்படும் பல கதைகளில் அந்தத் திடீருக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கும்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைச் சிக்கலுக்காக நாயை அழைத்து வந்த 140 உரிமையாளர்களிடம் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடித்ததாகவோ உதைத்ததாகவோ சொன்னவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியிருந்தன; மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 92 நாய்களை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தண்டனை அதிகம் புழங்கிய பயிற்சிப் பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு கூடியிருந்தது. பள்ளிக்கு வெளியே வேறொரு சோதனையும் வைத்தார்கள். அறையின் ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், மறுபக்கம் வைத்தால் இருக்காது என்று பழக்கிவிட்டு, கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். அந்த நாய்கள் அதை நோக்கித் தயங்கித் தயங்கிப் போயின. நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதே அவற்றுக்குக் குறைந்துவிட்டிருந்தது.

முரட்டு நாயாக இருப்பதால்தானே அடிக்கிறார்கள், அடித்ததால் முரடானது என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உரிமையாளர்களிடம் கேட்டு எழுதும் ஆய்வு அதற்கு முழுப் பதில் தராது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு தருகிறது. கூப்பிட்டால் வராத, ஆடுமாடுகளைத் துரத்தும் 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவை, கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர் பயிற்சியில் தேர்ந்தவர்கள் அந்தக் காலருடன் பழக்கினார்கள். இரண்டாவது குழுவை அதே ஆட்கள் காலரின் மின்சாரம் இல்லாமல் பழக்கினார்கள். மூன்றாவதைத் தீனியும் பாராட்டும் கொண்டு பழக்கும் பயிற்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘வா’, ‘உட்கார்’ என்ற இரண்டு கட்டளைக்கும் மூன்றாவது குழு நாய்களே முதல் சொல்லிலேயே அதிகம் கீழ்ப்படிந்தன, விரைவாகவும் கீழ்ப்படிந்தன. ஷாக் காலர் எந்த இடத்திலும் முந்தவில்லை. அதன் ஆதரவாளர்கள் தங்களுக்குச் சாதகம் என்று சொல்லும் களத்திலேயே, அவர்களுடைய ஆட்களைக் கொண்டே நடந்த போட்டி இது. வேல்ஸ் நாடு 2010-இலேயே அந்தக் காலரைத் தடை செய்துவிட்டது. அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2021-இல், எந்த நாய்க்கும் எந்தச் சிக்கலுக்கும் பரிசு வழிப் பயிற்சியே தகும் என்று அறிவித்தது.

“தீனி காட்டிப் பழக்குவது லஞ்சம், பொறை இல்லாத நாளில் நாய் திரும்பிப் பார்க்குமா?” வேலைக்கு முன்னால் கண்முன் ஆட்டினால் அது லஞ்சம்தான், அப்படி ஆட்டுபவர்களின் நாய் கையைப் பார்த்துத்தான் உட்காரும். உட்கார்ந்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது கூலி. பழகிய பின் ஒவ்வொரு முறையும் கொடுக்கவும் வேண்டாம். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகவே பழக்கம் நீண்ட நாள் நிற்கும் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை நிறுவப்பட்டது. துண்டு கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி நல்லது. டீக்கடைப் பொறையும் க்ரீம் பிஸ்கட்டும் வேண்டாம், வெங்காயம் போட்ட பிரியாணிச் சோறும் திராட்சையும் சாக்லேட்டும் கூடவே கூடாது.

“பொமரேனியனுக்கு இதெல்லாம் சரி, ராட்வைலருக்கும் நம்ம ராஜபாளையத்துக்கும் கை ஓங்கினாத்தான் ஆகும்” என்று இன்னொரு வாதம். ஐம்பது கிலோ நாயோடு பலத்தில் மோதி ஜெயிக்க முடியாது என்பதே அதற்கு எதிரான முதல் காரணம். ஒருநாள் அது திருப்பித் தரும். அன்று உங்கள் கையில் வேறு எதுவும் இருக்காது. பலத்தைக் காட்டவே முடியாத விலங்கையும் பழக்க முடியும். 1960-களில் ஹவாய் தீவில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையருக்கு, கழுத்தில் கயிறு போடவோ அடிக்கவோ வழியே இல்லை. பிடிக்கவில்லை என்றால் டால்பின் நீந்திப் போய்விடும். கையிலிருந்தது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும். சரியாகச் செய்த கணத்தில் விசில், பின்னாலேயே மீன். பிற்பாடு நாய் உலகத்துக்கு வந்து, விசிலுக்குப் பதில் ‘கிளிக்’ சத்தம் தரும் ‘கிளிக்கர்’ முறையைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் சொன்ன பேச்சு கேட்காது என்று பெயர் வாங்கியவை. அவை கண்ணால் கண்டு இரை துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனங்கள். ஓடும் ஆட்டைக் கண்டதும் அது பாய்வதை அகங்காரம் என்று நினைத்து அடிப்பவர், தான் எந்த நாயை வாங்கினோம் என்று யோசிக்கவில்லை.

அடிக்காமல் வளர்ப்பது என்றால் அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பது என்று ஒரு தப்பெண்ணமும் உண்டு. பரிசு வழியில் கட்டுப்பாடு நிறைய. செருப்பைக் கடிக்கும் குட்டி இருக்கும் வீட்டில் செருப்பு அலமாரிக்குள் போக வேண்டும். தாவினால் ஒரு சொல்லும் இல்லாமல் திரும்பி நிற்க வேண்டும். நாலு காலும் தரையில் பட்டதும் கொஞ்ச வேண்டும். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் அப்படியே செய்ய வேண்டும். தாத்தா மட்டும் தாவும்போது தட்டிக்கொடுத்தால் பயிற்சி பாழ். கை ஓங்குவதைவிட இது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை.

நாயின் ‘திமிர்’ என்று பெயர் வைக்கப்படுவதில் பாதி, பராமரிப்புக் குறை. நடத்தைச் சிக்கலுக்காக நிபுணர்களிடம் வரும் நாய்களில், குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதாவது ஒரு வலியும் சேர்ந்திருக்கிறது என்று லிங்கன் பல்கலைக்கழக டேனியல் மில்ஸும் பிறரும் 2020-இல் எழுதினார்கள். தலையைத் தொட்டால் சீறும் நாய்க்குக் காதுக்குள் சீழ் இருக்கலாம். மாடிப்படி ஏற மறுப்பதற்கு இடுப்பு எலும்பு காரணமாக இருக்கலாம். உண்ணிக்காய்ச்சல் வந்த நாய் கூப்பிட்டால் எழுந்து வராது. மே மாதத்து மதியம் தார் ரோட்டில் நடக்க அடம் பிடிக்கும் நாயின் பாதத்துக்குக் கீழே உள்ள தரையில் நம் புறங்கையை ஐந்து வினாடி வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். சங்கிலியோ இன்னும் மோசம். கட்டிப் போட்டால்தான் கோபம் ஏறும், காவல் காக்கும் என்று நாள் முழுக்க ஆறடியில் கட்டி வைக்கிறார்கள். காவலுக்கு வேண்டியது ஆளை அடையாளம் பிரிக்கும் நிதானம். கட்டிக் கிடந்த நாய்க்கு வருகிற எல்லாருமே ஒன்றுதான். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டி வைக்கும் நாயை நியாயமான அளவு நடக்கவிடாத உரிமையாளரைக் குற்றவாளி என்றே சொல்கிறது. அடிப்பதும் உதைப்பதும் அதே பதினோராம் பிரிவில்தான் வருகின்றன.

அன்றாடப் பராமரிப்பையே பயிற்சியாக்கலாம் என்பதற்கு நகம் வெட்டுவது ஓர் உதாரணம். வழக்கமாக மூன்று பேர் அமுக்கிப் பிடித்து, வாயைக் கட்டி, ஒரே மூச்சில் பதினெட்டு நகத்தையும் வெட்டிவிடுகிறார்கள்; அடுத்த மாதம் நான்கு பேர் தேவைப்படும். மாற்று வழி இது. முதல் நாள் நகவெட்டியைத் தரையில் வைத்து, நாய் அதை மோந்து பார்த்ததும் ஒரு கோழித் துண்டு. அடுத்து, பாதத்தைக் கையில் எடுத்து விரலை லேசாக அழுத்தி ஒரு துண்டு. பிறகு, நகவெட்டியால் தீக்குச்சியை நறுக்கி அந்தச் சத்தத்துக்கு ஒரு துண்டு. அப்புறம் உலோகம் நகத்தில் படும், வெட்டாது. காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும், பிடிவாதமாகப் பற்றக் கூடாது. விடுவார்கள் என்று தெரிந்த நாய்தான் திரும்பக் காலைக் கொடுக்கும். ஒரு நகத்தை, அதுவும் நுனியை மட்டும் வெட்டி அன்றைக்கு முடித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் பாதத்தை நீட்டும் நாய்கள் நிறைய உண்டு. மிருகக்காட்சி சாலைகளில் ஒட்டகச்சிவிங்கியே இந்த முறையில் காலை வைத்து நின்று குளம்பைச் சீவ விடுகிறது. காது சுத்தம் செய்வது, உண்ணி எடுப்பது, டாக்டர் மேஜையில் ஏறி நிற்பது எல்லாம் இதே வழிதான். இவற்றைத் தொடங்க மூன்றிலிருந்து பன்னிரண்டு வாரம் வரையான பருவமே சிறந்தது. ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட நூல் விவரித்த அந்தப் பருவத்தில் குட்டி பார்த்துப் பழகிய ஆட்களும் சத்தங்களும் பின்னாளில் அதை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. தடுப்பூசி முடியும்வரை தரையில் விட வேண்டாம் என்றால், தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவைக் காட்டலாமே.

இத்தனைக்கும் மேல் ஆள் வைத்துத்தான் பழக்க வேண்டும் என்றால், ஆளைப் பார்த்து வையுங்கள். நாய்ப் பயிற்சியாளர் ஆவதற்கு இங்கே உரிமம் எதுவும் கட்டாயமில்லை; சட்டையில் ‘கே-9’ என்று எழுதிக்கொண்டால் போதும். பயிற்சியாளர் ஜீன் டொனால்ட்சன் எல்லாரையும் கேட்கச் சொல்லும் கேள்விகளை அவரிடம் கேட்கலாம்: என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும், தவறாகச் செய்தால் என்ன நடக்கும், நீங்கள் சொல்வதைவிட மென்மையான வழி ஏதாவது உண்டா? “அதெல்லாம் எங்க டெக்னிக் சார், ஒரு மாசம் இங்க விட்டுட்டுப் போங்க, ரெடி பண்ணித் தர்றோம்” என்று பதில் வந்தால், அந்த ஒரு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.